அதிகாரம் வந்தது, பணப்பெட்டி வரவில்லை

கிழக்கில் ஒரு மாகாணப் பாடசாலையில் நான் படிப்பித்த காலம். ஒரு மாரியில் மூன்று வகுப்பறைகளின் கூரை ஒழுகியது. வலய அலுவலகத்தில் கேட்டோம். "மாகாணத்திலிருந்து காசு வரவேணும் சேர்" என்றார்கள். மாகாணத்துக்குப் போனவர்கள், "கொழும்பு விட்டால்தான்" என்ற பதிலோடு திரும்பினார்கள். கடைசியில் பள்ளிவாசல் நிருவாகமும் பழைய மாணவர்களும் சேர்ந்துதான் ஓடு வாங்கித் தந்தார்கள்.

யாரிலும் பிழை சொல்ல இதை எழுதவில்லை. அந்த மூன்று பதில்களுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

1987 நவம்பரில் 13ஆவது திருத்தம் சட்டமானது. கல்வி, சுகாதாரம், வீதி, கூட்டுறவு எனப் பல பொறுப்புகள் மாகாணங்களுக்குப் போயின. நாட்டின் பெரும்பாலான அரச பாடசாலைகள் இன்றும் மாகாணப் பாடசாலைகளே. ஆனால் பெரிய வரிகள் மத்தியிலேயே நின்றன. மாகாணத்துக்குக் கிடைத்தவற்றில் கனமானது வியாபாரப் புரள்வு வரி. கடைகளும் கம்பனிகளும் நிறைந்த மேல் மாகாணத்துக்கு அது பெரிய வருமானம். வயலையும் கடலையும் நம்பிய எங்கட மாகாணத்துக்குச் சொற்பம். 2011 இல் அதுவும் நீக்கப்பட்டது. பதிலாக, மத்தி அறவிட்ட தேசத்தைக் கட்டியெழுப்பும் வரியில் மூன்றிலொரு பங்கு என்றார்கள். அந்த வரியும் 2019 டிசம்பரோடு முடிந்தது.

மிச்சம் திறைசேரியின் கொடைகள். தொகுதிக் கொடையில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போய்விடும். கூரைக்கு மிஞ்சுவது கொஞ்சம்.

இந்த ஏற்றத்தாழ்வை நிரப்பத்தான் அரசியலமைப்பின் 154ஆர் உறுப்புரை நிதி ஆணைக்குழுவை வைத்தது. சனத்தொகை, தலா வருமானம், சமூக பொருளாதார வேறுபாட்டைப் படிப்படியாகக் குறைக்கும் தேவை ஆகியவற்றைப் பார்த்து அது பங்கீட்டைச் சிபாரிசு செய்யவேண்டும். மத்திய வங்கி ஆளுநர், திறைசேரிச் செயலாளர் ஆகியோருடன் மூன்று பிரதான சமூகங்களையும் பிரதிநிதித்துவப்படுத்தும் மூவர் அதில் இருப்பர்.

இங்கேதான் எங்கட சமூகத்தின் கவனக்குறைவைச் சொல்லவேண்டும். இணைந்த வடகிழக்கு வேண்டுமா வேண்டாமா என்று வாதிட்டோம். 1988 தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் 17 ஆசனங்கள் பெற்றதைக் கொண்டாடினோம். 2006 இல் உயர் நீதிமன்றம் இணைப்பைச் செல்லாதென்றதைப் பேசினோம். 2012க்குப் பிறகு கிழக்கில் முஸ்லிம் முதலமைச்சர்களையும் கண்டோம். அந்தப் பேச்சுகள் அவசியமானவைதான். ஆனால் நிதி ஆணைக்குழுவில் எங்கட பெயரில் இருப்பவர் யார், அவர் கிழக்குக்கு என்ன கேட்டார் என்று ஒரு ஜும்ஆ நாள் முற்றத்திலாவது நாங்கள் பேசியதுண்டா? நானும் பேசியதில்லை.

கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் முடிவுற்றது. அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. ஆளுநரும் அதிகாரிகளும் நடத்துகிறார்கள். கணக்குக் கேட்க உறுப்பினர் எவருமில்லை.

சபை மீண்டும் வரும்போது, யார் முதலமைச்சர் என்று கேட்பதற்கு முன், எந்த வருமானம் மாகாணத்தின் சொந்தம், எந்தக் கொடை எந்த மாதம் வரும் என்று கேட்போம். கூரைக்குச் சந்தா சேர்ப்பது நல்ல அமல்தான். ஆனால் அது அரசின் கடமையை அரசுக்கு மறக்கடிக்கக் கூடாது.