தாளில் விழாத வலிப்பு: மலையடிவாரத்திலிருந்து மூளை மின்னலை வரைவைப் பார்த்தல்

வலிப்பு வந்து விழுந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் பழக்கம் தமிழ்நாடெங்கும் உண்டு. சாவி கிடைக்காவிட்டால் அரிவாள், அதுவும் இல்லையென்றால் கடப்பாரை நுனி. கைகால் இழுத்துக்கொள்ளும் பெருவலிப்பு பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். இரும்பைத் தேடி எடுத்து, இறுகிய விரல்களைப் பிரித்து அதை உள்ளே வைக்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும். பெயர் இரும்புக்குப் போய்விடுகிறது.

படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் இ.இ.ஜி. எனப்படும் மூளை மின்னலை வரைவின்மேல் அவர்கள் வைத்திருக்கும் நம்பிக்கையும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. அலை ஒழுங்காக வந்தால் வலிப்பு இல்லை, அலை கெட்டிருந்தால் வலிப்பு உண்டு என்று நோயாளியின் வீட்டார் எண்ணுகிறார்கள். சில மருந்துச்சீட்டுகளும் அப்படித்தான் எண்ணுகின்றன. இந்த இரண்டு முடிவுகளும் தவறு என்பதும், வடக்கனந்தல் போன்ற ஓர் ஊரில் இந்தத் தவறுக்குக் கூடுதல் விலை உண்டு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

வடக்கனந்தல் கல்வராயன் மலையின் அடிவாரப் பேரூராட்சி. கோமுகி அணையும் கச்சிராயபாளையமும் பக்கத்தில், சுற்றிலும் கரும்பு, மேலே ஏறினால் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்களும் மரவள்ளிக் காடுகளும் வெள்ளிமலையும். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. 2022 சனவரியில் திறக்கப்பட்ட பதினொரு அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று அதன் தலைநகருக்கு வந்தது. எனவே இந்த வட்டாரத்தில் இனிக் கேட்கவேண்டிய கேள்வி கருவி வருமா என்பதைவிட, அந்தக் கருவியிடம் எதைக் கேட்கப்போகிறோம் என்பதாக இருக்கவேண்டும்.

நோயின் பெயரிலிருந்தே தொடங்கலாம். இழுப்பு, வலிப்பு, கைகால் வலிப்பு, காக்காய் வலிப்பு என்று தமிழ் வைத்த பெயர்கள் எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவர் வைத்த பெயர்கள். கால்கை வலிப்பு என்பதே வாய்வழக்கில் காக்காய் வலிப்பாகத் திரிந்தது என்பார்கள். ஆடவல்லான் காலடியில் கிடக்கும் முயலகனின் பெயரும் ஒரு நோய்க்கு உண்டு. கொல்லிமழவன் மகளுக்கு வந்த முயலகன் நோயைத் திருப்பாச்சிலாச்சிராமத்தில் சம்பந்தர் தீர்த்தார் என்று பெரியபுராணம் சொல்வதை வலிப்பென்றே பலர் பொருள்கொள்கிறார்கள். இந்தப் பெயர்களில் ஒரு பலமும் ஒரு குறையும் உண்டு. கண்ணால் கண்டதைச் சொல்வது பலம். கைகால் இழுக்காமல், விழாமல் வரும் வலிப்புக்கு இவற்றில் இடமே இல்லை என்பது குறை. பத்து விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கும் பள்ளிக் குழந்தைக்குத் தமிழில் கிடைத்திருக்கும் பெயர் ‘கவனமில்லாத பிள்ளை’ என்பதுதான்.

கருவி எதைக் கேட்கிறது? மூளையின் மேற்புறணியில் கூம்புவடிவ நரம்பணுக்கள் வயலில் நட்ட நாற்றுப்போல ஒரே திசை பார்த்து நிற்கின்றன. அணு ஒன்று மற்றொன்றுக்குச் செய்தி தரும் சந்திப்புகளில் எழும் மெதுவான மின்னழுத்த ஏற்ற இறக்கங்களின் கூட்டுத்தொகையே மண்டையோட்டைத் தாண்டி வெளியே வருகிறது. திருவிழாவுக்கு முன் பறைகளைத் தீயில் காய்ச்சி ஆளுக்கொரு தட்டு தட்டிப் பார்க்கும்போது தூரத்து வீட்டுக்காரருக்கு ஒரு சலசலப்புதான் கேட்கும். அத்தனை பேரும் ஒரே அடியைச் சேர்ந்து அடித்தால் அது மலைக்கு அந்தப் பக்கமும் போகும். வலிப்பின்போது மூளையில் நடப்பது அந்தச் சேர்ந்த அடி. வலிப்பு இல்லாத நேரத்திலும் அந்தக் கூட்டம் எப்போதாவது ஒருமுறை தவறிச் சேர்ந்து அடித்துவிடும். இ.இ.ஜி. தாளில் கூர்முனையாக விழுவது அதுதான்: 20 முதல் 70 மில்லிவிநாடி நீளும் ஒரு குத்து, பெரும்பாலும் அதன் பின்னால் ஒரு மெதுவான அலை.

அந்தக் குத்து எவ்வளவு சிறியது என்பதைச் சுவர்க்கடிகாரத்துக்குப் போடும் பேட்டரியோடு ஒப்பிடலாம். பேட்டரியின் அழுத்தம் 1.5 வோல்ட். தலைத்தோலில் கிடைக்கும் அலை 50 மைக்ரோவோல்ட் என்றால் அது பேட்டரியின் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. அதனால்தான் நிலமிணைப்பு சரியில்லாத அறையில் மூளைக்குப் பதிலாகச் சுவர் பிளக்கின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தாளை நிரப்பிவிடுகிறது. ‘தலைக்கு எண்ணெய் வைக்காமல், குளித்துவிட்டு வாருங்கள்’ என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புவதும் இதற்காகத்தான். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் மின்முனை தோலைப் பிடிக்காது. மலைக்கிராமங்களில் பலர் அஞ்சுவதுபோல இந்தச் சோதனையில் ‘தலைக்குக் கரண்ட் வைப்பது’ கிடையாது. கருவி உள்ளே எதையும் செலுத்துவதில்லை, காதுகொடுத்துக் கேட்பதோடு சரி. ‘ஷாக்’ கொடுக்கும் காட்சிகளைச் சினிமாவில் பார்த்துப் பழகியவர்களிடம் இதை ஒருமுறைக்கு இருமுறை சொல்லவேண்டியிருக்கிறது.

இனி அதன் எல்லைகள். புறணியில் சில சதுர சென்டிமீட்டர் பரப்பு ஒன்றாகத் துடித்தால்தான் அந்தத் துடிப்பு தலைத்தோல்வரை எட்டும். பத்து சதுர சென்டிமீட்டர் வேண்டும் என்று சொல்வோரும் உண்டு. மூளை மடிப்புகளின் ஆழத்திலோ நெற்றிமடலின் அடிப்புறத்திலோ வலிப்பு பிறந்தால் வெளியே ஒன்றும் தெரியாமல் போகலாம். மேலும் வழக்கமான பதிவின் நீளம் இருபது முப்பது நிமிடம். மாதத்துக்கு ஒருமுறை வலிப்பு வருபவரின் மூளையை அரைமணி நேரம் ஒட்டுக்கேட்டுவிட்டு ‘அங்கே எதுவுமில்லை’ என்பது, வாரச்சந்தை நாள் தவிர வேறொரு நாளில் கச்சிராயபாளையத்துக்குப் போய்வந்து அங்கே சந்தையே கிடையாது என்பதுபோல. முதல் பதிவில் வலிப்புக்குரிய அலை கிடைப்பது ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான். திரும்பத் திரும்பப் பதிவு செய்து, தூக்கத்திலும் பதிவு செய்தால் அது எண்பது விழுக்காட்டுக்கு மேல் போகும். தூக்கம் கெட்டவரிடம் அலை எளிதில் சிக்கும். இதில் ஒரு விசித்திரம்: முதல் பேருந்தைப் பிடிக்க விடியுமுன் எழுந்து மலையிறங்கி வருபவரிடம் நல்ல பதிவு கிடைக்க வாய்ப்பு அதிகம். அதே தூக்கக்கேட்டால் அவருக்கு வழியில் வலிப்பு வரும் வாய்ப்பும் அதிகம்.

மறுபக்கத்தையும் கணக்காகவே பார்ப்போம். பிரிட்டனின் விமானப் படையில் பறக்கும் பணிக்கு வந்த, வலிப்பே இல்லாத 13,658 இளைஞர்களின் பதிவுகளை ஆராய்ந்து 1993இல் வெளியிட்டார்கள். அவர்களில் 0.5 விழுக்காட்டினருக்கு வலிப்புக்குரிய அலைகள் இருந்தன. தென்னிந்தியாவில் வலிப்புநோய் எத்தனை பேருக்கு என்று வீடுவீடாகக் கேட்ட இரண்டு நல்ல ஆய்வுகள் உண்டு. ஒன்று, நரம்பியல் மருத்துவர் கே. எஸ். மணி கர்நாடகத்தின் யெலந்தூரில் நடத்தியது. இன்னொன்று, வேலூர் மாவட்டத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி நடத்தி 2006இல் வெளியிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஆயிரம் பேருக்கு நாலைந்து பேர். இந்த எண்களை வைத்துக்கொண்டு, நல்லெண்ணத்தில் யாரோ ஒருவர் ஆயிரம் பேருக்கு இ.இ.ஜி. முகாம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். உண்மையில் வலிப்புள்ள நால்வரில் இருவரின் அலை கெட்டிருக்கும். வலிப்பே இல்லாதவர்களில் ஐந்து பேரின் அலையும் கெட்டிருக்கும். ‘நோய் கண்டுபிடிக்கப்பட்ட’ ஏழு பேரில் ஐந்து பேருக்கு நோயில்லை! குழந்தைகளை மட்டும் வைத்து நடத்தினால் விகிதம் இன்னும் மோசமாகும், ஏனென்றால் நலமான குழந்தைகளிடம் இத்தகைய அலைகள் கூடுதலாகவே தென்படும்.

அந்த ஐவரில் ஒருத்தி கல்யாண வயதுப் பெண்ணாக இருந்தால் என்னவாகும் என்று தனியே விளக்கத் தேவையில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் ‘அடிக்கடி வரும் வலிப்பு’ திருமணத்துக்குத் தடையாக எழுதப்பட்டிருந்தது. அந்தச் சொல் நீக்கப்பட்டது 1999இல்தான். சட்டம் நீக்கியதை மாப்பிள்ளை வீட்டார் இன்னும் நீக்கவில்லை.

இன்னொரு கணக்கு. நினைவு தவறி, கைகால் இழுத்து, நாக்கின் ஓரம் கடிபட்டு, எழுந்தபின் அரைமணி நேரம் குழம்பிக் கிடந்ததாக வீட்டார் தெளிவாகச் சொல்லும் ஒருவரைப் பார்க்கிறோம். இப்படி இரண்டு முறை நடந்திருக்கிறது. வலிப்புநோய்தான் என்று நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு எண்ணுகிறோம். இ.இ.ஜி. ஒழுங்காக வருகிறது. பாதிப் பேரைத் தவறவிடும் சோதனை என்பதைக் கணக்கில் சேர்த்தால், நம் எண்ணம் தொண்ணூறிலிருந்து எண்பத்திரண்டுக்கு இறங்கவேண்டும். அதற்குக் கீழே போகக்கூடாது. நடைமுறையில் அது பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிடுகிறது. மாத்திரை நிற்கிறது. கிணற்றடியிலோ அடுப்படியிலோ அடுத்த வலிப்பு வருகிறது.

இப்படியானால் கருவியே வேண்டாமா? வேண்டும். அது எங்கே வேண்டும் என்பதற்கு அதன் வரலாறே பதில் தருகிறது. செருமனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் அலையை முதன்முதலாகப் பதிந்தார். ஐந்து ஆண்டு தயங்கி 1929இல் வெளியிட்டார். 1935இல் பாஸ்டனில் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் மூவரும் வெறித்துப் பார்க்கும் குழந்தைகளிடம் விநாடிக்கு மூன்று முறை வரும் கூர்முனை மெதுவலைத் தொடரைக் கண்டார்கள். கண்ணுக்கு வலிப்பாகவே தெரியாத ஒன்று தாளில் ஐயத்துக்கிடமின்றி வலிப்பாகத் தெரிந்தது அப்போதுதான். தமிழ்ப் பெயர்கள் விட்ட இடத்தைக் கருவி நிரப்பியது என்றே இதைச் சொல்லவேண்டும். இந்தவகை வலிப்புக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும் உண்டு: குழந்தையை மூன்று நிமிடம் காற்றாடியை விடாமல் ஊதச் சொல்வது. சிகிச்சை பெறாத குழந்தைக்குப் பெரும்பாலும் ஊதும்போதே வெறிப்பு வந்துவிடும். கருவி இல்லாத இடத்திலும் கருவி கற்றுக்கொடுத்தது பயன்படுகிறது.

கருவிக்கு அடுத்த பயன் அறுவைச் சிகிச்சை. மாண்ட்ரியலில் மூளை அறுவை வல்லுநர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூரில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங் உடனிருந்தார். 1952இல் அங்கே நடந்த வலிப்பு அறுவையே இந்தியாவின் முதல் வலிப்பு அறுவையாகக் குறிக்கப்படுகிறது. எந்த இடத்தை வெட்டுவது என்று தெரியாமல் கத்தி எடுக்க முடியாது. அங்கே மின்னலை வரைவுக்கு மாற்று இல்லை. நினைவிழந்து கிடப்பவரின் மூளைக்குள் ஓசையின்றி ஓடும் தொடர்வலிப்பையும் அது ஒன்றே காட்டும். ‘சாமி வந்ததா, வலிப்பா’ என்ற ஐயத்தில், நிகழ்ச்சி நடக்கும்போதே எடுத்த பதிவுக்கு எடை அதிகம். நடந்து பத்து நாள் கழித்து எடுத்ததற்கு எடை குறைவு.

ஆனால் காரணத்தை அது பெரும்பாலும் சொல்லாது. வேலூர் மாவட்ட ஆய்வில் வலிப்புநோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மூளையில் நாடாப்புழுவின் இளம்பருவக் கட்டி காரணமாக இருந்தது. அதைக் காட்டுவது சி.டி. ஸ்கேன். பன்றி இறைச்சி தின்னாதவருக்கு அது வராது என்பதும் தவறு; புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து முட்டை கைவழியாகவும் தண்ணீர்வழியாகவும் கீரைவழியாகவும் யார் வயிற்றுக்கும் போகும். அடிவார ஊர்களில் வலிப்பைத் தடுக்கக் கழிப்பறையும் ஒரு கருவி என்று சொன்னால் நரம்பியலாளர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

என் முன்மொழிவு எளிமையானது. ஒழுங்காக மாத்திரை கிடைத்தால் பத்தில் ஏழு பேர் வலிப்பின்றி வாழலாம் என்று உலக நலவாழ்வு நிறுவனம் சொல்கிறது. யெலந்தூரில் மணி பெரிதும் நம்பியது பீனோபார்பிட்டோன், பெனிட்டாயின் என்ற பழைய, மலிவான இரண்டு மருந்துகளை. நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் 2021 முதல் மாத்திரை வீடு தேடி வருகிற மாநிலத்தில் அதே பையில் வலிப்பு மாத்திரைக்கும் இடம் இருக்கவேண்டும். கண்டறிதலைப் பொறுத்தவரை, கண்ணால் பார்த்தவரின் சொல்லுக்கே முதலிடம் தரவேண்டும். இப்போது அந்தச் சொல்லுக்குத் துணையாகக் கைப்பேசியும் வந்திருக்கிறது. வீட்டார் எடுத்த காணொளியை வைத்தே வல்லுநர்களால் பெரும்பாலான நேரங்களில் சரியான முடிவுக்கு வரமுடிகிறது என்று 2020இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சாவியைத் தேடும் கை கைப்பேசியைத் தேடட்டும். இன்னொரு கை அவரை ஒருக்களித்துப் படுக்கவைக்கட்டும்.

வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சிக்கு அனுப்பும் சீட்டில் ‘ஃபிட்ஸ், இ.இ.ஜி. எடுக்கவும்’ என்று மட்டும் எழுதினால், பதிவை வாசிப்பவருக்குப் பக்கம் பக்கமாகக் கோடுகள்தான் கிடைக்கும். எந்த நேரத்தில் வந்தது, தூக்கத்திலா விழிப்பிலா, முதலில் இழுத்தது எந்தக் கை, தலை எந்தப் பக்கம் திரும்பியது, கண் திறந்திருந்ததா மூடியிருந்ததா, நாக்கு ஓரத்தில் கடிபட்டதா நுனியிலா, எழுந்து தன் பெயரைச் சொல்ல எவ்வளவு நேரமாயிற்று, அதைப் பார்த்தவர் யார், அவருடைய தொலைபேசி எண் என்ன. இவ்வளவையும் எழுத அந்தச் சீட்டின் பின்பக்கம் போதும்.