சினிமா, வீடியோ தயாரிப்பில் பட்டப்படிப்பு: பிள்ளையும் பெற்றோரும் முன்கூட்டியே திட்டமிட வேண்டியவை

பிளஸ் டூ முடித்த பிள்ளை "விஸ்காம் படிக்கிறேன்" என்று சொல்வதும், "சினிமாவா? நம்ம குடும்பத்துக்கு அது வேண்டாம்" என்று வாப்பா சொல்வதும், பேச்சு அதோடு நின்றுவிடுவதும் நம் மஹல்லாக்களில் பல வீடுகளில் நடக்கிறது. பிறகு அந்தப் பிள்ளை மனமில்லாத ஏதோ ஒரு வகுப்பில் உட்கார்ந்திருப்பான். அல்லது யாரிடமும் கேட்காமல் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் பணத்தைக் கட்டி, பட்டம் என்று சொல்ல முடியாத ஒரு சான்றிதழோடு திரும்புவான். இரண்டிலும் போவது பிள்ளையின் மூன்று நான்கு ஆண்டுகள். எனவே வேண்டும், வேண்டாம் என்று முடிவு செய்யும் முன் இந்தப் படிப்பு என்ன, எங்கே கிடைக்கிறது, எவ்வளவு செலவாகும் என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து பார்ப்போம்.

படிப்பின் உள்ளே என்ன இருக்கிறது?

சினிமா என்றதும் நடிப்பும் பாட்டும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. படிப்பு அப்படியல்ல. திரைக்கதையும் இயக்கமும் ஒரு பிரிவு. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, வண்ணச் சீரமைப்பு, அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், தயாரிப்பு நிர்வாகம் ஆகியவை தனித்தனித் தொழில்கள். இதே திறமைகள் செய்தித் தொலைக்காட்சி, ஆவணப்படம், விளம்பரம், நிறுவனங்களின் பயிற்சி வீடியோ, இணையவழிக் கல்வி என்று பல இடங்களிலும் தேவைப்படுகின்றன. "சினிமா படிக்கிறேன்" என்று சொல்லும் பிள்ளையிடம், "இதில் எந்த வேலை உனக்குப் பிடிக்கிறது?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பிளஸ் டூ முடித்ததும் சேரும் வழி

தமிழ்நாட்டில் முதலில் பார்க்க வேண்டியது சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படம் மற்றும் தொலைக்காட்சி பயிற்சி நிறுவனம். இயக்கமும் திரைக்கதையும், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, அனிமேஷன் போன்ற பிரிவுகளில் 4 ஆண்டு பட்டப்படிப்பு இங்கே உண்டு. அரசு நிறுவனம் என்பதால் தனியார் கல்லூரிகளை விடக் கட்டணம் வெகு குறைவு. ஆனால் ஒவ்வொரு பிரிவிலும் இடங்கள் சொற்பம், போட்டி அதிகம்.

இரண்டாவது வழி, கலை அறிவியல் கல்லூரிகளில் உள்ள பி.எஸ்ஸி. விஷுவல் கம்யூனிகேஷன். இது 3 ஆண்டு. ஓவியம், புகைப்படம், விளம்பரம், வரைகலை, வீடியோ எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும் படிப்பு. அகலம் அதிகம், ஆழம் குறைவு. ஒரு தொழிலில் இன்னும் மனம் நிலைக்காத பிள்ளைக்கு இது பொருந்தும்.

ஒளிப்பதிவு என்றால் லென்ஸும் ஒளியும். ஒலிப்பதிவு என்றால் அலைவரிசையும் எதிரொலியும். இவற்றை விரும்பும் பிள்ளை பிளஸ் ஒன்னில் இயற்பியல் உள்ள குரூப்பை எடுப்பது நல்லது. சேர நினைக்கும் நிறுவனத்தின் விவரக் குறிப்பேட்டைப் பத்தாம் வகுப்பு முடியும்போதே பார்த்து, எந்தப் பிரிவுக்கு எந்தப் பாடம் கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது ஒரு பட்டம் முடித்துச் சேரும் வழி

பல பெற்றோருக்குத் தெரியாத வழி இது. புனேயில் பழைய பிரபாத் ஸ்டூடியோ வளாகத்தில் 1960ல் மத்திய அரசு தொடங்கிய திரைப்பட நிறுவனம், கொல்கத்தாவில் 1995ல் தொடங்கிய சத்யஜித் ராய் திரைப்பட நிறுவனம் ஆகியவற்றில் இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு போன்ற முதுநிலைப் படிப்புகளுக்கு ஏதாவது ஒரு துறையில் பட்டம் பெற்றிருந்தால் விண்ணப்பிக்கலாம். நுழைவுத் தேர்வு உண்டு. கேரளத்தின் கொல்லம் மாவட்டக் கிராமம் ஒன்றில் பிறந்த ரசூல் பூக்குட்டி, புனேயில் ஒலிப்பதிவு படித்து, 2009ல் ஆஸ்கர் விருது பெற்றவர்களில் ஒருவர்.

டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியா மத்தியப் பல்கலைக்கழகத்தில் 1982 முதல் இயங்கும் ஊடக ஆய்வு மையத்தின் எம்.ஏ. மாஸ் கம்யூனிகேஷன், நாட்டில் மிகவும் மதிக்கப்படும் படிப்புகளில் ஒன்று. திரைப்பட இயக்குநர் கபீர் கான் இங்கே படித்தவர். ரோஹிங்கியா அகதிகளின் துயரத்தைப் படம்பிடித்து 2018ல் ராய்ட்டர்ஸ் குழுவோடு புலிட்சர் பரிசு பெற்ற தானிஷ் சித்தீக்கியும் இங்கே படித்தவரே. அவர் முதலில் படித்தது பொருளாதாரம்.

ஆக, அருகிலுள்ள அரசுக் கலைக் கல்லூரியில் தமிழோ வரலாறோ பொருளாதாரமோ படித்துக்கொண்டே வீட்டில் படத்தொகுப்பு பழகி, பிறகு இந்த நிறுவனங்களுக்குத் தேர்வு எழுதலாம். பணம் குறைந்த குடும்பத்துக்கு இதுவே சிறந்த பாதை என்பது நம் கருத்து. மனம் மாறினாலும் கையில் ஒரு பட்டம் இருக்கும்.

இடஒதுக்கீட்டை விட்டுவிடாதீர்கள்

தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத இடஒதுக்கீடு உள்ளது. லப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்கனி முஸ்லிம், ஷேக், சையத், மாப்பிள்ளா, அன்சர், தூதேகுலா ஆகிய பிரிவினர் இதில் அடங்குவர். சான்றிதழில் பிரிவின் பெயர் இல்லாமல் வெறுமனே "முஸ்லிம்" என்று இருந்தால் அந்த இடம் கைநழுவிப் போகலாம். விண்ணப்பம் தொடங்கும் முன்பே சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் மூன்றையும் சரிபார்த்து வையுங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. இது பல்கலைக்கழகப் பட்டமா, நிலையமே கொடுக்கும் டிப்ளமோவா? பட்டம் இல்லையென்றால் மேற்சொன்ன முதுநிலைப் படிப்புகளுக்கும், பட்டம் கேட்கும் அரசுப் பணித் தேர்வுகளுக்கும் கதவு அடைபடும்.
2. எத்தனை மாணவர்களுக்கு ஒரு கேமரா? படத்தொகுப்பு அறையும் ஒலிப்பதிவு அறையும் தினமும் திறந்திருக்குமா?
3. சென்ற ஆண்டு மாணவர்கள் எடுத்த குறும்படங்களைக் காட்டுவார்களா? காட்டத் தயங்கினால் யோசியுங்கள்.
4. இறுதியாண்டுப் படத்தின் செலவு கல்லூரியுடையதா, மாணவனுடையதா? கட்டணப் பட்டியலில் வராத பெருஞ்செலவு இதுதான்.

முதல் ஆண்டிலேயே விலை உயர்ந்த கேமரா வாங்கித் தர வேண்டாம். கைப்பேசியில் எடுத்து, டாவின்சி ரிசால்வ் மென்பொருளின் இலவசப் பதிப்பில் தொகுத்துப் பழகலாம். படத்தொகுப்புக்கு ஏற்ற கம்ப்யூட்டரும், எடுத்ததை இரண்டு பிரதிகளாகச் சேமிக்க இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் போதும். வட்டிக் கடன் வாங்கித்தான் சேர முடியும் என்ற நிலை வந்தால், இரண்டாவது பாதையை யோசியுங்கள். ஜமாஅத்தின் கல்வி நிதியையும் கேட்டுப் பாருங்கள்.

வருமானம் எப்படி?

பட்டம் வாங்கியதும் மாதச் சம்பளம் கிடைக்கும் என்று நினைத்து அனுப்ப வேண்டாம். பெரும்பாலானோர் முதல் சில ஆண்டுகள் உதவியாளராக, வேலைக்கு வேலை கூலி என்ற கணக்கில்தான் இருப்பார்கள். தமிழ்த் திரைத்துறையில் தொழில் செய்ய பெப்சியில் இணைந்த சங்கங்களின் உறுப்பினர் அட்டையும் தேவைப்படும். அதற்கும் காலமும் பணமும் ஆகும். படத்தொகுப்பு, அனிமேஷன், செய்தித் தொலைக்காட்சி ஆகியவற்றில் நிலையான வேலை ஓரளவு எளிதாகக் கிடைக்கும்.

மார்க்கம் பற்றிய கேள்வி

கேமராவில் பதிவாகும் உருவம், இசை ஆகியவை பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதை இக்கட்டுரையில் தீர்க்க முடியாது. நீங்கள் நம்பும் ஆலிமிடம் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வைப்போம். கருவி ஒன்றுதான், அதைக் கொண்டு செய்யப்படும் வேலைகள் பல. சிரியாவின் ஹலப் நகரில் பிறந்து அமெரிக்காவில் சினிமா படித்த முஸ்தஃபா அக்காத், நபி (ஸல்) அவர்களின் உருவத்தையோ குரலையோ காட்டாமலே இஸ்லாத்தின் ஆரம்ப வரலாற்றை 1970களில் படமாக்கினார். ஈரானின் மஜீத் மஜீதி ஒரு ஜோடிக் காலணியைப் பகிர்ந்துகொள்ளும் அண்ணன் தங்கை கதையை 1997ல் எடுத்து ஆஸ்கர் பரிந்துரை வரை சென்றார்.

எந்த வேலையை ஏற்பேன், எதை மறுப்பேன் என்று பிள்ளை தனக்கென ஒரு எல்லையை முதலிலேயே எழுதி வைக்கட்டும். ஜும்ஆ நேரத்தைப் படப்பிடிப்புக் குழுவிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள்.

பெண் பிள்ளை விரும்பினால், இரவுப் படப்பிடிப்பும் வெளியூர்ப் பயணமும்தான் பெற்றோரின் கவலை. படத்தொகுப்பு, அனிமேஷன், திரைக்கதை, ஒலி வடிவமைப்பு ஆகியவை பெரும்பாலும் அறைக்குள் நடக்கும் வேலைகள். கல்லூரியின் விடுதி விதிகளையும் பாலியல் புகார்க் குழுவையும் நேரில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். விசாரிக்காமலே "பெண்ணுக்கு வேண்டாம்" என்பது சரியல்ல.

ஒரு சிறு சோதனை

பிளஸ் ஒன் விடுமுறையில் பிள்ளையிடம் 5 நிமிட ஆவணப்படம் ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள். பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் பெண்கள், ஆம்பூர் தோல் தொழிலாளர்கள், உங்கள் ஊரின் பழைய பள்ளிவாசல் என்று ஏதாவது ஒன்று. அனுமதி கேட்பது, பேட்டி எடுப்பது, தொகுப்பது எல்லாவற்றையும் அவனோ அவளோ தனியாகச் செய்யட்டும். பாதியில் அலுத்து விட்டுவிட்டால் அது வெறும் ஆசை என்று அவர்களுக்கே விளங்கும். முடித்துக் காட்டினால், குடும்பமாக உட்கார்ந்து அதைப் பாருங்கள். நுழைவுத் தேர்வு நேர்காணலில் காட்ட ஒரு படமும் தயார். இன்ஷா அல்லாஹ், அடுத்த பேச்சை அங்கிருந்து தொடங்கலாம்.