கர்ப்பகாலத்தில் ஹைலைட்ஸும் கூந்தல் நலமும்

தலை முழுவதற்கும் சாயம் பூசாமல், மெல்லிய கற்றைகளை மட்டும் ஆங்காங்கே பிரித்தெடுத்து அவற்றின் நிறத்தை வெளிறச் செய்யும் ஒப்பனை முறை ஹைலைட்ஸ். கர்ப்பிணிகள் இதைச் செய்துகொள்ளலாமா என்ற கேள்விக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் 'செய்துகொள்ளலாம்' என்றே சொல்கிறார்கள். வேரோடு சேர்த்துப் பூசும் நிரந்தரச் சாயத்தைவிட இது கவலை குறைந்தது என்பதும் பொதுவான கருத்து. கலவை எந்த இடத்தில் படுகிறது என்பதே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

செய்முறை

பார்லரில் சீப்பின் வால்முனையால் ஒரு கற்றையைத் தூக்கி, அடியில் அலுமினியத் தாளை வைத்து, ப்ளீச் கலவையைத் தூரிகையால் தடவித் தாளை மடித்துவிடுவார்கள். கைதேர்ந்தவர் தலைத்தோலிலிருந்து சில மில்லிமீட்டர் விட்டே தடவத் தொடங்குவார். ப்ளீச் பொடியில் இருப்பவை பெர்சல்ஃபேட் உப்புகள். அதைக் குழைக்கப் பயன்படும் 'டெவலப்பர்' என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு; புட்டியில் 20 வால்யூம் என்றிருந்தால் அதன் அடர்த்தி 6 விழுக்காடு, 30 என்றால் 9, 40 என்றால் 12. இரண்டும் சேர்ந்து முடிக்குள் இருக்கும் மெலனின் நிறமியைச் சிதைக்கின்றன. கருமுடி ஒரேயடியாகப் பொன்னிறம் ஆகிவிடாது. செம்பழுப்பு, ஆரஞ்சு என்று படிப்படியாக இறங்கித்தான் மஞ்சளுக்கு வரும். தேய்க்காத பித்தளைப் பாத்திரம்போலத் தெரியும் இடைநிலை நிறத்தை மட்டுப்படுத்தவே கடைசியில் 'டோனர்' பூசுகிறார்கள்.

உடலுக்குள் செல்லும் வழி

வெளியே நீண்டிருக்கும் முடி உயிரற்ற கெரட்டின் புரதம். அதில் ரத்தக்குழாய் கிடையாது. முடியில் ஊறிய வேதிப்பொருள் அங்கிருந்து உடலுக்குள் போக வழியில்லை. போனால் தலைத்தோல் வழியாகத்தான் போக வேண்டும். வேரோடு பூசும் சாயத்திலும்கூட, தோலில் புண்ணோ சிராய்ப்போ இல்லாதபோது, உறிஞ்சப்படும் அளவு மிகச் சிறிது. ஹைலைட்ஸில் கலவை முடியிலேயே தங்கிவிடுவதால் ஆபத்து மேலும் குறைகிறது என்று பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை தன் அறிவுரையில் கூறுகிறது. முதல் 12 வாரங்கள் கழியட்டும் என்று பலர் காத்திருப்பதையும் அது குறிப்பிடுகிறது. குழந்தையின் உறுப்புகள் உருவாகும் காலம் என்பதால் எடுக்கப்படும் முன்னெச்சரிக்கை இது. தீங்கு நிரூபணமானதால் வந்த தடை அல்ல. மசக்கையில் அமோனியா வாடை குமட்டும் என்பது காத்திருக்க இன்னொரு காரணம். பலருக்கு அதுவே போதும்.

கவனம் வேண்டிய இடங்கள்

கறுப்பு, அடர்பழுப்பு நிரந்தரச் சாயங்கள் பலவற்றில் பாரா-ஃபினைலீன்டைஅமீன், சுருக்கமாக பி.பி.டி., இருக்கிறது. தோல் ஒவ்வாமைக்குப் பேர்போன பொருள் இது. வருடக்கணக்காக ஒரே சாயத்தைப் பூசிவந்தவருக்கும் திடீரென ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆகவே காதின் பின்புறம் சிறிது தடவி 48 மணி நேரம் பார்ப்பதைக் கர்ப்பகாலத்தில் தவிர்க்கக் கூடாது. 'இயற்கை' என்ற பெயரை நம்பி மருதாணிக்கு மாறுவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: மருதாணி இலை தருவது செம்பழுப்பு நிறம் மட்டுமே. முடியைக் கன்னங்கரேலென்று ஆக்கும் 'கறுப்பு ஹென்னா'வில் பி.பி.டி. கலந்திருக்க வாய்ப்பு அதிகம்.

உண்மையில் தள்ளிப்போட வேண்டியது ஹைலைட்ஸைவிட, முடியை நீட்டி நேராக்கும் சில கெரட்டின் சிகிச்சைகளை. அவற்றில் உள்ள கரைசல் சூட்டுக்கோல் பட்டதும் ஃபார்மால்டிஹைடு வாயுவை வெளியிடக்கூடும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது அதைத்தான்.

நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி எழுதும் அளவுக்கு, தூரிகை பிடிக்கும் கர்ப்பிணியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை கற்றைக்கு நிறம் மாற்றுபவரையும், நாள் முழுவதும் இக்கலவைகளின் ஆவியைச் சுவாசிப்பவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. கையுறை, திறந்த சன்னல், இடையிடையே ஓய்வு ஆகியவை அவருக்குக் கட்டாயம்.

ஏழாம் மாதத்துக்கு மேல் வேதிப்பொருளைவிடப் பார்லரில் தலை அலசும் பேசின் பெரிய தொல்லை. தலையைச் சாய்த்து மல்லாந்து கிடக்கும்போது கருப்பையின் பாரம் இதயத்துக்குத் திரும்பும் பெருஞ்சிரையை அழுத்தும். தலைசுற்றும், கண் இருட்டும். வலது இடுப்பின் கீழ் சிறு தலையணை வைத்து உடலை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டால் அழுத்தம் குறையும்.

முடியின் போக்கு

கர்ப்பகாலத்தில் ஈஸ்ட்ரோஜன் மிகுதியால் முடி தன் வளர்பருவத்திலேயே நீடிக்கிறது. நாளொன்றுக்கு உதிர வேண்டிய 50 முதல் 100 முடிகளில் பல தலையிலேயே நின்றுவிடும். வளைகாப்பன்று பின்னல் கனத்துத் தெரிவது இதனால்தான். பிரசவமானதும் ஹார்மோன் சட்டென இறங்க, தங்கியிருந்த முடிகளெல்லாம் ஒன்றாக ஓய்வுநிலைக்குப் போய், இரண்டு முதல் நான்கு மாதங்களில் கொத்தாக உதிர்கின்றன. 'குழந்தை முகம் பார்க்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். காரணம் வேறு, ஆனால் காலக்கணக்கு கச்சிதம். இந்த உதிர்வுக்கு ஆறாம் மாதத்தில் போட்ட ஹைலைட்ஸைக் குற்றம் சொல்பவர்கள் உண்டு. ப்ளீச் முடியை நடுவில் முறிக்கும், வேரோடு உதிர்க்காது. சீப்பில் வந்த முடியின் நுனியில் வெண்ணிறக் குமிழ் தெரிந்தால் அது பிரசவ உதிர்வு, குட்டையாகக் குமிழின்றி இருந்தால் ப்ளீச்சின் வேலை.

முறிவைக் குறைக்கத் தேங்காய் எண்ணெய் உதவும். வெளுத்த முடியிலும் அது புரத இழப்பைக் குறைப்பதை 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆய்வாளர்கள் அந்த எண்ணெயை விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். முடிவு நம் பாட்டிகளுக்குப் புதிதல்ல. இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டுக் கோளாறும் உதிர்வை நீட்டிக்கும். இந்திய அரசின் திட்டப்படி நான்காம் மாதம் முதல் 180 நாள்களும், பிரசவத்துக்குப்பின் 180 நாள்களும் தரப்படும் 60 மில்லிகிராம் இரும்பு மாத்திரையைப் பாதியில் நிறுத்தாமல் இருப்பது எந்தச் சீரத்தையும்விட மேல். பயோட்டின் மாத்திரை எடுப்பவர்கள் ரத்தப் பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். தைராய்டு முடிவுகளை அது தவறாகக் காட்டக்கூடும். முடி வளரப் பயன்படுத்தும் மினாக்சிடில் கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் தவிர்க்க வேண்டிய மருந்து.

உதிர்ந்த இடங்களில் முதலில் முளைப்பவை நெற்றியோரக் குட்டை முடிகள். எண்ணெய் தடவியும் படியாமல் குத்திட்டு நிற்கும். மாதம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்ந்து, குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் காதோரம் ஒதுக்குமளவு நீளும். அவற்றில் பழைய ஹைலைட்ஸின் நிறம் இராது.