பாம்பன்: கையால் திறந்த பாலம்

சில வருஷங்களுக்கு முன்னாடி, காதில் ஹெட்போனும் இளையராஜாவுமாக ராமேஸ்வரம் ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். மண்டபம் தாண்டியதும் வண்டி மெதுவானது. ஜன்னலுக்கு வெளியே தரை இல்லை, நேராகக் கடல். ஹெட்போனைக் கழற்றிட்டேன். இரும்பின் சத்தமும் காற்றும் போதும்.

அந்தப் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். இதுதான் அன்றைய போட் மெயில் பயணம்.

கப்பல்கள் கடக்க நடுவில் இரண்டு தூக்கு இலைகள். அமெரிக்கப் பொறியாளர் ஷெர்சரின் முறை. மோட்டார் கிடையாது. இருபுறமும் தொழிலாளர்கள் நின்று கையால் சுற்றித்தான் திறப்பாங்க. அவ்வளவு கனத்தை மனுஷன் எப்படித் தூக்க முடியும்? எதிர் எடையும் பல்சக்கரமும் முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும்.

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையும் ஒரு ரயிலையும் கொண்டுபோனது. பாலத்தின் பெரும்பாலான கர்டர்களும் போயின. தூக்கு இலைகள் மட்டும் தாக்குப்பிடித்தன. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் பாலத்தைச் சரிசெய்தார்கள்.

2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் வந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நடுப்பகுதி மோட்டாரில் அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. அதுவும் அழகுதான்.

எங்க மென்பொருள் உலகத்தில் பத்து வருஷ நிரலையே 'பழசு, தூக்கிப்போடு' என்போம். இது 108 வருஷம் ஓடியது. வரைபடங்கள் எங்காவது பத்திரமாக இருக்கும். சுற்றிய கைகளின் அனுபவத்தை, அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்கணும்.