கச்சான் காலத்து விருந்தாளிகள்

அறுகம் குடாவுக்குக் கையில் கொஞ்சக் காசோடு வந்து தங்கிப் போனவர்களில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் மூன்றாவது கூட்டம். அவர்களுக்கு முன்னே கதிர்காமத்துக்கு நடந்து போனவர்கள் வந்தார்கள். மேற்குக் கரையிலிருந்து கரைவலைக்காரர் வந்தார்கள். மூன்று கூட்டமும் வந்தது ஒரே பருவத்தில். மூன்றையும் கூட்டி வந்தது ஒரே காற்று. திருக்கோவில் பக்கம் பிறந்து, புவியியல் படிப்பித்துப் பென்சன் எடுத்தவன் நான். பாடப் புத்தகத்தில் இரண்டு வரியில் முடிந்துபோகிற அந்தக் காற்றைப் பற்றித்தான் முதலில் சொல்லவேண்டும்.

வைகாசி பிறந்தால் எங்கள் பக்கம் கச்சான் தொடங்கும். தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் கொழும்பு, காலி, இரத்தினபுரிப் பக்கம் கொட்டிவிட்டு, மலைநாட்டைத் தாண்டி இறங்கும்போது ஈரமில்லாத வெறும் சூடாக வந்து சேரும். குளம் வற்றும். புல் கருகும். பகலில் முகத்தில் அனல் அடிக்கும். அதே மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளித்துக் கிடக்க, எங்கள் கடல் முனைகளை விட்டால் மற்ற இடங்களில் தொழில் செய்யத் தோதாக அடங்கியிருக்கும். முனைகளில் நடப்பது வேறு சங்கதி. இந்து சமுத்திரத்தின் தென்கோடியில் வீசும் புயல்கள் கிளப்பிவிட்ட அலை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடி வந்து, குடாவின் தெற்கு முனையிலுள்ள பாரில் ஏறி வளைந்து, வடக்குப் பக்கமாக ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை வரிசை குலையாமல் உடைந்துகொண்டே போகும். தரையிலிருந்து வீசும் கச்சான் அந்த அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடிக்கும். அலைச்சறுக்குப் பலகையில் ஏறி நிற்கிறவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஐப்பசியில் மழை பிடித்து வாடை திரும்பிவிட்டால் அந்த வருசத்துக்கு எல்லாம் முடிந்தது.

நடந்தவர்களிடமிருந்து தொடங்குகிறேன். யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, வெருகல், மட்டக்களப்பு என்று கரையோரமாகவே இறங்கி வந்து, பொத்துவில், பாணமை, உகந்தை, குமண வழியாகக் காட்டுக்குள் நுழைந்து, கதிர்காமக் கொடியேற்றத்துக்குப் போய்ச் சேருவது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். என் அம்மம்மா நடந்திருக்கிறா. அவவின் மூட்டையை எனக்கு நல்ல ஞாபகம்: வறுத்த அரிசிமா, சீனி, ஒரு செம்பு, ஒரு சிரட்டை, சுருட்டிய பன்பாய், மாற்றுச் சேலை ஒன்று. காசு என்று இருந்தது முடிச்சில் கட்டிய சில்லறைதான். அதுவும் முருகனின் உண்டியலுக்கு. வழியில் கிடைத்ததை உண்பது அந்த விரதத்தின் ஒரு பகுதி. அறுகம் குடாவின் கரையிலுள்ள ஊரான உல்லையில் முஸ்லிம் வீட்டு வளவுகளில் படுத்து எழும்பினதாகவும், கிணற்றடியில் வாளியையும் கயிற்றையும் அவர்களுக்கென்றே எடுத்து வைத்திருந்ததாகவும் அம்மம்மா சொல்லுவா.

அந்த வீட்டுக்காரரின் முன்னோரும் இடம் தேடி வந்தவர்கள்தான். போர்த்துக்கேயர் கரையோரத்திலிருந்து விரட்டிய முஸ்லிம்களில் ஏறத்தாழ 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்பது சரித்திரம். தெற்கே பாணமையில் தமிழும் சிங்களமும் கலந்த குடும்பங்கள். நுர் யல்மன் என்ற மானிடவியலாளர் 1967இல் வெளியிட்ட தன் நூலில் அந்த ஊருக்குத் தனி இடம் கொடுத்திருக்கிறார். கண்ணகியைப் பத்தினி என்று கும்பிட்டு அங்கே கொம்பு இழுப்பார்கள். எங்கள் ஊர்களில் கொம்புமுறி என்போம்.

பாணமையைத் தாண்டினால் உகந்தை. கடலோரப் பாறை, அதன் அடியில் முருகன் கோவில். முருகன் கல்லோடத்தில் வந்து இறங்கிய இடம் என்பது ஐதீகம். அதற்கப்பால் யானைக்காடு, நாலைந்து நாள் நடை. 1972இல் இந்த வழியாக நடந்த பற்றிக் ஹரிகன் என்ற அமெரிக்கர், யுத்தத்தால் அறுந்துபோன யாத்திரையை 1988இல் திரும்ப ஒழுங்கு செய்து நடத்தினார். பலகையோடு வந்த இளைஞர்களும் இதே எழுபதுகளில்தான் உல்லைக்கு வந்துசேர்ந்தார்கள். அந்தப் பத்தாண்டில் இந்தக் கரையில் கால்வைத்த வெளிநாட்டவரில் ஒரு சாரார் கடலைப் பார்த்தார்கள், இன்னொரு சாரார் காட்டைப் பார்த்தார்கள். இரு சாராரும் குடித்தது ஒரே கிணற்றுத் தண்ணீர்.

கரைவலைக்காரர் வந்தது தொழிலுக்கு. மேற்கே கடல் மூடியதும் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து வலையும் தோணியுமாக, சில வேளை குடும்பத்தோடும் கிழக்கே வந்து வாடி போடுவார்கள். கரைவலை இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி அரைவட்டமாக வலையைக் கடலில் இறக்கிக்கொண்டே போகும். மறுதலைப்பை எட்டக் கொண்டுவந்து கரை சேர்க்கும். இரண்டு வரிசையாக ஆட்கள் இடுப்பில் கயிற்றை மாட்டிப் பின்னால் சாய்ந்து, அம்பா பாடி இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரு வரிசையும் ஒன்றையொன்று நெருங்கி வரும். கடைசியில் மடி மணலில் ஏறும்போது கீரியும் சாளையும் துள்ளும், பெண்டுகள் கூடையோடு ஓடி வருவார்கள். கைகொடுத்து இழுத்த வழிப்போக்கனுக்கும் ஒரு கை மீன் உண்டு. அன்றைய கறிக்கு அது போதும்.

அவர்கள் போட்ட வாடிதான் இன்றைக்குக் கபானா என்று வாடகைக்கு விடப்படுவதன் தாய் என்பது என் கணிப்பு. நாலு காட்டுக்கம்பு, கிடுகுக் கூரை, கிடுகுச் சுவர், கீழே மணல், மேலே ஒரு லாந்தர். பருவம் முடியக் கழற்றி அடுக்கிவிட்டுப் போய்விடலாம். பலகையோடு வந்தவர்கள் வீட்டு விறாந்தை போதாமல் இடம் கேட்டபோது, உல்லைக்காரருக்குக் கட்டத் தெரிந்ததும் கட்டுப்படியானதும் அதுதான். யாரும் வரைபடம் கீறவில்லை. வங்கிக் கடன் எடுக்கவில்லை.

பொத்துவிலில் படிப்பித்த காலத்தில் உல்லையில் அப்படி அறை விட்ட ஒரு உம்மாவின் வீட்டுக்கு அடிக்கடி போவேன். மகன் என்னிடம் படித்தவன். ஒரு நாள் கேட்டேன், "உம்மா, அந்தக் காலத்தில பாஷையும் தெரியாது, ஹோட்டல் நடத்தியும் பழக்கமில்ல, எப்பிடிச் சமாளிச்சீங்க?"

"அவனுகளுக்குக் கட்டில் வேணாம் சேர். பாயும் தலகாணியும் குடுத்தாப் போதும். சுபஹுத் தொழுகைக்கு நான் எழும்புறன், அலைக்குப் போக அவனுகளும் எழும்புறானுகள். ஒரு கேத்தல் தேத்தண்ணிதான், எல்லாருக்கும்."

கணக்குக்கு ஒரு கொப்பி வைத்திருந்தா. விருந்தாளிகளின் பெயர் எழுத வராததால் நெட்டையன், தாடிக்காரன், சிவத்தப்பிள்ளை, கால் முறிஞ்சவன் என்று அடையாளம் எழுதி, அதற்கு நேரே ரொட்டிக்கு ஒரு கோடு, சோற்றுக்கு ஒரு வட்டம், தேத்தண்ணிக்கு ஒரு புள்ளி. பருவ முடிவில் மொத்தமாகக் கணக்குப் பார்ப்பார்கள். காசு முட்டியவன் பலகையை விட்டுவிட்டுப் போவான். அப்படி விட்டுப்போன, நுனி உடைந்த பலகைகளில்தான் ஊர்ப் பையன்கள் பழகினார்கள். உடைந்த இடத்துக்கு ஒட்டுப்போடவும் கற்றார்கள். இன்றைக்குப் பலகை திருத்தும் பட்டறைகளும் பழக்கிக் கொடுக்கும் ஆசிரியர்களும் அந்தப் பரம்பரையில் வந்தவர்களே.

உல்லை மலிவான ஊர் என்று பேரெடுத்ததன் இரகசியம் அந்தக் கொப்பியில் இருந்தது. மலிவு என்பது அங்கே வீட்டுச் சோற்றில் பங்கு. வீட்டுக்காரர் தின்பதையே விருந்தாளியும் தின்றான். மீன் கிடைக்காத நாளில் பருப்பும் சொதியும். அதற்கு வாங்கிய காசு அந்தத் தெருவை விட்டு வெளியே போகவில்லை. தேங்காய் பக்கத்து வளவு, மீன் கரைவலை, அரிசி பொத்துவில் வயல், பால் எங்கள் பக்கத்துப் பட்டி.

யுத்த காலத்தைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. சியம்பலாண்டுவையிலிருந்து லகுகலைக் காட்டு வழியாகப் பொத்துவிலுக்கு வரும் பாதையில் பஸ்ஸை விட்டு இறங்கி இறங்கி ஏறினோம். ஆறு மணிக்குப் பிறகு தெரு வெறிச்சோடும். அப்போதும் சிலர் பலகையோடு வந்தார்கள் என்பதே ஆச்சரியம். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் வந்ததும் அடுத்தடுத்த கச்சான்களில் உல்லை நிரம்பியது. கிடுகுக்குப் பதிலாகக் கல்லும் சீமெந்தும் எழும்பின.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, போயா நாள். வாடைக்காலம் ஆனபடியால் பலகைக்காரர் அநேகமாக இல்லை, இருந்தவர்கள் ஊர்ச்சனம். ஆழிப்பேரலையில் இலங்கையில் 30,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேல். உல்லையைப் பொத்துவிலோடு இணைத்த களப்புப் பாலம் சிதைந்தது. உம்மாவின் வீட்டில் அத்திவாரமும் கிணற்றுக்கட்டும் மிஞ்சின. கொப்பி போனது. அந்தக் கொப்பியைப் படம் பிடித்து வைத்திருக்கலாமே என்று இன்றைக்கும் மனம் அடித்துக்கொள்கிறது. இந்தக் கரையின் சுற்றுலாச் சரித்திரத்துக்கு அதைவிட நேரான சாட்சி வேறில்லை.

அதற்குப் பின் வந்தது நிலத்தின் கதை. வடக்கு, கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் யாரும் வீடு கட்டக்கூடாது என்று விதி வந்தது. கூடவே, அறுகம் குடாவைப் பெரிய சுற்றுலா நகரமாக்கும் திட்டம் ஒன்றும் வந்தது. எங்கள் குடிலுக்குத் தடை, ஹோட்டலுக்கு மட்டும் விலக்கா என்று மீனவர் கொதித்தார்கள். ஊர்வலம் போனார்கள், கறுப்புக்கொடி கட்டினார்கள். நயோமி கிளைன் 2007இல் வெளியிட்ட 'த ஷொக் டொக்ட்ரின்' நூலில் ஆழிப்பேரலை பற்றிய அத்தியாயம் இந்தக் கரையிலிருந்துதான் தொடங்குகிறது. விதி பின்னர் தளர்த்தப்பட்டது. புதிய பாலம் அமெரிக்க உதவியில் கட்டி 2008இல் திறக்கப்பட்டது. மீனவர் கேட்டது நியாயம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். தோணி இழுக்கக் கரை இல்லாதவனுக்கு எத்தனை பாலம் கட்டிக் கொடுத்தும் என்ன பயன்?

2009க்குப் பின் பாதைகள் சீரானதும் வந்த மாற்றங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது 2018இல் ஊர்ப்பெண்கள் தங்களுக்கென்று ஒரு அலைச்சறுக்குச் சங்கம் தொடங்கியது. நாட்டிலேயே பெண்களுக்கான முதல் சங்கம் அது. அந்தப் பிள்ளைகளில் சிலர் பிள்ளை பெற்ற தாய்மார். கரையில் பெரியவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்கக் கடலில் இறங்கியவர்கள். 2019 செப்டெம்பரில் உலக அலைச்சறுக்கு லீக்கின் தகுதிச் சுற்றுப் போட்டி இங்கே நடந்தது. பிறகு கொரோனா. 2022இல் டொலருக்கு 200 ரூபாய் அளவில் நின்ற நாணயம் 360ஐத் தொட்டது. வெளிநாட்டுக் காசோடு வந்தவருக்கு எல்லாமே மலிவு. உல்லை வீடுகளிலோ காஸ் இல்லை, எண்ணெய் இல்லை. விறகடுப்பில் சமைத்துக் கொடுத்தார்கள்.

இன்றைக்கும் கொஞ்சக் காசோடு வரலாம். கொழும்பிலிருந்து இரவு பஸ் பொத்துவிலுக்கு வருகிறது. மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என்று மாறி மாறி வந்தால் என் ஊரையும் பார்த்துக்கொண்டு வரலாம். கடல் முகப்பை விட்டுப் பாணமை வீதியின் களப்புப் பக்க ஒழுங்கைகளுக்குள் போய்க் கேளுங்கள். அங்கேதான் இன்னும் வீட்டுக்காரர் கையால் சோறு கிடைக்கிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொத்துவில் பஜாருக்குப் போங்கள். விஸ்கி பொயின்ற், பீனட் ஃபாம் போன்ற தூரத்து முனைகளுக்கு நாலுபேர் சேர்ந்து ஓட்டோ பிடியுங்கள். பலகையைக் கூரையில் கட்டித் தருவார்கள். ஊருக்குள் நடக்கும்போது மேலுக்கு ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இது தொழுகைக்குப் போகிறவர்களின் தெரு. விலை பேசுவதென்றால் வந்த அன்றே பேசிவிடுங்கள். ஒரு மாதம் தங்கித் தின்றுவிட்டுப் புறப்படும் காலையில் குறைத்துக் கேட்பதைப் போலக் கேவலம் வேறில்லை.

உம்மா மௌத்தாகிவிட்டா. மகன் அதே வளவில் ஆறு அறை கட்டி வாடகைக்கு விடுகிறான். வளவுக்கு உறுதி கிடையாது, அரச அனுமதிப்பத்திரம் மட்டுமே. வாங்குகிறோம் என்று வருகிறவர்களும் வாங்க முடியாவிட்டாலும் எடுத்து நடத்துகிறோம் என்று வருகிறவர்களும் கச்சானுக்குக் கச்சான் கூடிக்கொண்டே போகிறார்கள். பக்கத்து இரண்டு வளவுகள் கை மாறிவிட்டன. அங்கே இப்போது சமைப்பவரும் அலை பழக்குபவரும் வெளியூர்க்காரர். இவன் இன்னும் கொடுக்கவில்லை. யாத்திரைக்காரர் வரும்போது பின்பக்க அறை ஒன்றைப் பூட்டாமல் விடுகிறான். அந்தப் பத்துப் பதினைந்து நாளும் அதற்கு வாடகை இல்லை. பெரிய ஹோட்டல் ஒன்றின் ஆட்கள் வந்து பேசிவிட்டுப் போன கிழமை என்னைக் கூப்பிட்டு, "சேர், பேர்மிற்றை உறுதியாக்க யாரிட்டப் போகணும்?" என்று கேட்டான். பிரதேச செயலகத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.