கம்மி

கேரளத்தின் விதுராவில் மலையாள நாளிதழைப் பிரிக்கும் தமிழருக்குத் ‘தனக்கம்மி’ (நிதிப் பற்றாக்குறை) அந்நியமாகத் தோன்றாது. குறைவைச் சுட்டும் பாரசீகக் ‘கமீ’தான் நம் பேச்சில் ‘விலை கம்மி’ ஆனது. நாம் அதைச் சந்தையோடு நிறுத்திவிட்டு, அரசுக் கணக்குக்குப் ‘பற்றாக்குறை’யை எடுத்துக்கொண்டோம். பற்றுதல் என்றால் போதுதல். ‘பத்தாது’ என்கிறோமே, அதேதான். மலையாளிகளோ கம்மியைச் சட்டமன்றம்வரை ஏற்றினார்கள்.

கேரள அரசின் இந்தக் கம்மியை எப்படி அடைப்பது: வரியா, சிக்கனமா, கடனா? கடனுக்கு ஒன்றிய அரசு விதித்த வரம்பை எதிர்த்து 2023 டிசம்பரில் கேரளம் உச்ச நீதிமன்றம் போனது. கேரள அரசின் உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியமான ‘கிஃப்பி’ வாங்கும் கடனையும் மாநிலத்தின் கணக்கில் எழுதலாமா என்பது சண்டையின் முக்கியப் புள்ளி. 2024 ஏப்ரல் 1 அன்று இரு நீதிபதிகள் அமர்வு வழக்கை அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பியது.