ஆளுமைக் கோளாறுகள்: குணம் எங்கே முடிகிறது, நோய் எங்கே தொடங்குகிறது?

புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் சாலையில், அரியாங்குப்பத்தைத் தாண்டினால் வருவது தவளக்குப்பம். அதே சாலையில் இன்னும் தெற்கே பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. நகரத்தின் மறுகோடியில், கோரிமேட்டில், ஜிப்மர் மருத்துவமனை. மனநல மருத்துவரைப் பார்க்க வெகுதூரம் போகவேண்டியிராத ஊர் தவளக்குப்பம். காதில் குரல் கேட்கிறது, நாள்கணக்கில் தூக்கமில்லை என்றால் வீட்டார் பயந்துபோய்க் கூட்டிச் செல்வார்கள். ஆனால் எந்த உறவும் நிலைக்காமல், எந்த வேலையிலும் சண்டையோடு வெளியேறி, தன்மீதே வெறுப்பு கொண்டு பல ஆண்டுகளாகத் தவிக்கும் ஒருவரைப் பற்றி எந்த ஊரிலும் சொல்வது ஒன்றுதான்: "அவன் குணமே அப்படி."

அந்தத் தவிப்புக்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர் ஆளுமைக் கோளாறு. முன்கோபமோ கூச்சமோ பிடிவாதமோ மட்டும் கோளாறு ஆகிவிடாது. தன்னைப் பற்றிய எண்ணத்திலும் பிறரோடு பழகும் விதத்திலும் சிக்கல் நீடிக்கவேண்டும், அது வீடு, வேலை, நட்பு என்று பல இடங்களிலும் வெளிப்படவேண்டும், வாழ்க்கையைக் குலைக்கவேண்டும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாவது அது தொடர்ந்திருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். இதைக் காட்டித்தரும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பேசியும் கேட்டும்தான் கண்டறியவேண்டும். அதனால்தான் வகைப்பாடு இங்கே இவ்வளவு முக்கியமாகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடியில் மனநோய்களுக்கென்று தனிப் பிரிவு வந்தது 1948இல், ஆறாம் பதிப்பில். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1952இல் டிஎஸ்எம் என்ற தன் சொந்தக் கையேட்டை வெளியிட்டது. அந்த முதல் கையேடு தன்பாலீர்ப்பை ஆளுமைக் கோளாறுகளில் ஒன்றாகவே சேர்த்திருந்தது. அந்தச் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது 1973இல். உலக சுகாதார நிறுவனம் நீக்கியது 1990இல். இதற்குப் பிறகும் தன்பாலீர்ப்பாளர்களை 'குணப்படுத்தும்' முயற்சிகள் ஓயாததால், 2021இல் சுஷ்மா என்பவர் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவற்றுக்குத் தடை விதிக்கவேண்டியிருந்தது. சமூகத்துக்குப் பிடிக்காததை நோய் என்று எழுதிவைப்பது எவ்வளவு எளிது, அதை அழிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

1980இல் வந்த டிஎஸ்எம் மூன்றாம் பதிப்பு, ஆளுமைக் கோளாறுகளை மற்ற மனநோய்களிலிருந்து பிரித்துத் தனி 'அச்சில்', அதாவது தனிப் பிரிவில், வைத்தது. கவனம் கிடைக்கட்டும் என்பதே நோக்கம். ஆனால் 'இவர்கள் மாறவே மாட்டார்கள்' என்ற எண்ணம் அதனால் வலுப்பட்டது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு அந்த அச்சுகளைக் கைவிட்டது. எனினும் பத்து வகைகள் அப்படியே நிற்கின்றன: எவரையும் நம்பாத ஐயப்பண்பு, சட்டத்தையும் பிறர் உரிமையையும் மதிக்காத சமூகவிரோதப் பண்பு, உணர்ச்சியும் உறவும் நொடிக்கு நொடி தடம் மாறும் எல்லைக்கோட்டுப் பண்பு, பிறரைச் சார்ந்தே வாழும் சார்புப் பண்பு முதலியவை.

இந்த வகைகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உருவானவை. நம் மண்ணிலும் பொருந்துமா? உலக சுகாதார நிறுவனம் 11 நாடுகளில், 14 மையங்களில், 716 நோயாளிகளிடம் நேர்காணல் முறை ஒன்றைச் சோதித்து 1994இல் முடிவை வெளியிட்டது. பெங்களூரும் பம்பாயும் அந்த மையங்களில் அடங்கும். அந்த நேர்காணலுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. ஆனாலும் கேள்வி முழுதாகத் தீரவில்லை. பெரியவர்களைக் கேட்காமல் எந்த முடிவும் எடுக்காத மருமகள் 'சார்புப் பண்பு' கொண்டவரா, கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவரா? ஆடித் திருவிழாவில் சாமியாடுபவரை எந்த மருத்துவரும் நோயாளியாகக் கருதக்கூடாது. ஊர் வழக்கத்தால் விளங்கிவிடும் நடத்தை கோளாறு ஆகாது என்று வகைப்பாடுகளே சொல்கின்றன.

2022 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த ஐசிடி பதினோராம் பதிப்பு துணிச்சலான மாற்றத்தைச் செய்தது. பழைய வகைப் பெயர்களை நீக்கிவிட்டு, பாதிப்பு லேசானதா, நடுத்தரமா, கடுமையானதா என்று முதலில் கேட்கிறது. அதன் பிறகே எதிர்மறை உணர்ச்சி, ஒதுங்குதல், பிறரைப் பொருட்படுத்தாமை, கட்டுப்பாடின்மை, அளவுமீறிய ஒழுங்குநாட்டம் என்ற ஐந்து பண்புகளைப் பார்க்கிறது. எல்லைக்கோட்டுப் பண்பு மட்டும் கூடுதல் குறிப்பாக நீடிக்கிறது. இது சரியான திசை. ஒருவர் 'எந்த ரகம்' என்பதைவிட அவருக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்பதே சிகிச்சைக்குப் பயன்படும் கேள்வி.

இந்தியச் சட்டமும் இங்கே அரணாக நிற்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017இன் மூன்றாம் பிரிவு, மனநோயை ஐசிடி போன்ற ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்களின்படியே தீர்மானிக்கவேண்டும் என்கிறது. அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்தோ, ஊரின் ஒழுக்க, சமய நம்பிக்கைகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதற்காகவோ ஒருவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக்கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

குணமாகுமா? இந்தக் கோளாறுகளுக்கென்றே தனி மாத்திரை இல்லை. உடன் வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்து தருவதுண்டு. அடிப்படைச் சிகிச்சை பேச்சுதான். எல்லைக்கோட்டுக் கோளாறுக்காக அமெரிக்க உளவியலர் மார்ஷா லினெஹன் உருவாக்கிய சிகிச்சைமுறை தற்கொலை முயற்சிகளைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. இளம் வயதில் தானும் இத்தகைய கோளாறால் மருத்துவமனையில் அடைபட்டிருந்ததை அவர் 2011இல் வெளிப்படையாகச் சொன்னார். அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனை எல்லைக்கோட்டுக் கோளாறு உள்ள 290 பேரைப் பின்தொடர்ந்தது. பத்து ஆண்டுகளில் அவர்களில் 93 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் தணிந்து, குறைந்தது இரண்டு ஆண்டுகள் அப்படியே இருந்தன. 'மாறவே மாட்டார்கள்' என்ற பேச்சை இந்த எண் பொய்யாக்குகிறது.

சினிமா காட்டும் 'சைக்கோ' கொலைகாரனோடு இவர்களைச் சேர்த்துப் பேசுவதை நிறுத்தவேண்டும். இவர்களில் பலர் காயப்படுத்துவது தங்களைத்தான். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், குணம் என்று ஒதுக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தயக்கமாக இருந்தால், ஒன்றிய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.